இறக்கையைத் துறந்த வெட்டுக்கிளி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் கோசியுஸ்கோ மலையில் வாழும் பச்சோந்தி வெட்டுக்கிளியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பறக்காது, விடிகாலையில் கறுப்பாக இருக்கும், வெயில் ஏறினால் நீலமாகிவிடும், பனிக்காலத்தை முட்டையாகவே கழிக்கும் என்று சில வரிகள்தான். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. ஒரு பூச்சியைப் பற்றி இத்தனை பேர் அக்கறையோடு கேட்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை. பக்கம் முழுவதும் அந்த வெட்டுக்கிளிக்கும் அதன் உறவுகளுக்கும்தான்.

கேள்வி: எல்லா வெட்டுக்கிளியும் சிறு வயதில் இறக்கை இல்லாமல்தானே இருக்கிறது? நீங்கள் பார்த்தது இன்னும் வளராத பூச்சியாக இருக்கலாம் அல்லவா அம்மா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: நல்ல சந்தேகம் ஐயா. பூச்சியியல் மாணவர்களுக்கு முதல் வருடமே வரும் சந்தேகம் இது. முட்டையிலிருந்து வெளிவரும் வெட்டுக்கிளி, பெரிய வெட்டுக்கிளியின் சிறிய அச்சாகவே இருக்கும். புழுப் பருவம், கூட்டுப்புழுப் பருவம் எதுவும் கிடையாது. பல முறை தோலுரித்து வளரும். இறக்கை மட்டும் மொட்டாக இருந்து, கடைசித் தோலுரிப்பில்தான் முழுதாக விரியும். ஆகவே இறக்கையில்லாத வெட்டுக்கிளியைப் பார்த்ததும் ‘இது குஞ்சு’ என்று முடிவு கட்டத் தோன்றுவது இயல்பு.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தலைக்குப் பின்னால் சேணம் போட்டது போன்ற மார்புத் தகடு இருக்கிறதே, அதன் பின்விளிம்பைப் பாருங்கள். வளரும் பருவத்தின் கடைசி இரண்டு கட்டங்களில் இறக்கை மொட்டுகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும்: பின்னிறக்கையின் மொட்டு மேலே, முன்னிறக்கையின் மொட்டு அதற்கு அடியில். முழு வளர்ச்சி அடைந்ததும் இந்த வரிசை நேராகிவிடும். முன்னிறக்கை மேலே வந்துவிடும். கோசியுஸ்கோ வெட்டுக்கிளியின் பக்கவாட்டில் சின்னஞ்சிறு செதில் போல ஒட்டிக்கொண்டிருப்பது முன்னிறக்கையின் மிச்சம். அது வெளியே இருக்கிறது, திரும்பி உட்காரவில்லை. ஆகவே அது வளர்ந்த பூச்சி. பெண்ணாக இருந்தால் இன்னொரு சாட்சியும் உண்டு. வயிற்றின் நுனியில் மண்ணைத் தோண்டுவதற்கான கொக்கி போன்ற தகடுகள் கெட்டிப்பட்டு, விரிந்து மூடுவதற்குத் தயாராக இருக்கும். இளம்பூச்சியிடம் அந்தக் கெட்டித்தன்மை இருக்காது.

கேள்வி: இறக்கை இருப்பதை விட இல்லாமல் இருப்பது எப்படி நல்லதாகும்? பரிணாமம் முன்னோக்கித்தானே போக வேண்டும்? (கல்லூரி மாணவி)

பதில்: பரிணாமத்துக்கு முன், பின் என்ற திசை கிடையாது. ஓர் உயிர் இருக்கும் இடத்தில் அதற்கு எது கட்டுப்படியாகிறது என்பதுதான் கணக்கு.

பறப்பது மிகச் செலவு பிடித்த வேலை. இறக்கை என்பது மேலே தெரியும் தகடு மட்டுமல்ல. அதை அசைக்க மார்புக்குள் தசைகள் திரண்டிருக்க வேண்டும். அந்தத் தசையைக் கட்டவும் காப்பாற்றவும் நாள்தோறும் உணவு வேண்டும், பறக்காத நாளிலும். ஒரே இனத்தில் நீண்ட இறக்கை உள்ளவையும் குட்டை இறக்கை உள்ளவையும் சேர்ந்து வாழும் சில்வண்டுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டை இறக்கைப் பெண்கள் சீக்கிரமாகவே முட்டையிடத் தொடங்குகின்றன, அதிகமாகவும் இடுகின்றன. இறக்கைக்குப் போக வேண்டிய சத்து முட்டைக்குப் போகிறது. விஷயம் அவ்வளவுதான்.

இதை மலையுச்சியில் பொருத்திப் பாருங்கள். பனி உருகி மறுபடி பனி விழுவதற்குள் சில மாதங்களே கிடைக்கும். அதற்குள் பொரித்து, வளர்ந்து, துணை தேடி, முட்டையிட்டு முடிக்க வேண்டும். பறக்கும் தசை வேலை செய்ய உடல் சூடாக இருக்க வேண்டும். அங்கே நாளின் பெரும்பகுதி குளிர். அப்படியே பறந்தாலும் எங்கே போவது? ஏற்ற இடம் காலடியிலேயே இருக்கிறது. சரிவில் இறங்கினால் வேறு தட்பவெப்பம், வேறு செடிகள், வேறு போட்டியாளர்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். 1859இல் வெளியிட்ட நூலில் டார்வின், மடீரா தீவின் வண்டுகளைப் பற்றி ஒரு கணக்குத் தருகிறார்: 550 இனங்களில் 200 இனங்கள் பறக்க முடியாதவை. பறப்பவற்றைக் காற்று கடலுக்குள் அடித்துச் சென்றுவிடும், தரையோடு இருந்தவை தப்பிக்கும் என்பது அவர் விளக்கம். பலர் இதை ஏற்கவில்லை. விவாதம் நெடுங்காலம் நீண்டது. 2020இல் ரேச்சல் லெய்ஹி, ஸ்டீவன் சௌன் என்ற இரு ஆய்வாளர்கள் தென்பெருங்கடல் தீவுகளின் பூச்சிகளை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். உலகம் முழுவதும் பூச்சியினங்களில் ஏறக்குறைய 5 சதவீதமே பறக்காதவை. அந்தத் தீவுகளிலோ சொந்த இனங்களில் கிட்டத்தட்டப் பாதி. காற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். காற்று பலமாக இருந்தால் பறப்பதற்கான செலவும் கூடுகிறது. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பவை தழைக்கின்றன.

கோசியுஸ்கோவின் முகட்டில் நின்றவர்களுக்கு இந்த வாதத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டேதான் குனிந்து பூச்சி பார்க்க வேண்டும்.

கேள்வி: நிறம் மாறுவதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? மூளை கட்டளையிட்டு மாறுகிறதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

பதில்: தம்பி, உன் கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

1954இல் கென் கீ, மேக்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கண்டது இது: வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஆண் வெட்டுக்கிளி கிட்டத்தட்டக் கறுப்பு. 25 டிகிரியைத் தாண்டினால் பளிச்சென்ற பசுநீலம். இடைப்பட்ட வெப்பத்தில் இடைப்பட்ட நிறம். நீலமாக மாறுவது வேகமாக நடக்கும். மறுபடி கறுக்க மணிக்கணக்கில் ஆகும். பெண்ணும் மாறும், ஆனால் இவ்வளவு பளிச்சென்று மாறாது.

மூளைக்கு வருவோம். நாம் பொதுவாகப் பச்சோந்தி என்றதும், கண் பார்க்கிறது, மூளை சொல்கிறது, தோல் கேட்கிறது என்று நினைப்போம். இந்த வெட்டுக்கிளியிடம் அப்படி இல்லை. தோலின் ஒவ்வொரு செல்லும் தன் மேல் படும் வெப்பத்தைத் தானே உணர்ந்து தானே மாறுகிறது. மேலிடத்து உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை.

செல்லுக்குள் நடப்பதைக் கேள். அதில் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. ஒரு வகை பெரியது, பழுப்பு. இன்னொரு வகை மிகப் பொடியானது, அதற்கென்று பெரிய நிறம் இல்லை. குளிரில் பழுப்புத் துகள்கள் செல்லின் மேல்பகுதி வரை பரவி நிற்கும். பூச்சி கறுப்பாகத் தெரியும். வெப்பம் ஏறினால் அவை அடியில் இறங்கிவிடும், பொடித் துகள்கள் மேலே திரளும். அவ்வளவு பொடியான துகள்கள் ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கும். அடியில் இருக்கும் பழுப்பு மற்ற நிறங்களை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது நீலம். ஆகவே அந்தப் பூச்சியின் உடம்பில் நீலச் சாயம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. துகளின் அளவும் அது நிற்கும் இடமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

நான் பிப்ரவரி மாதத்தில், அங்கே கோடை முடியும் வேளையில், இதை நேரில் பார்த்திருக்கிறேன். வெயில் வருவதற்கு முன்னால் பனிப்புல் கொத்துகளில் கறுப்பு ஆண்கள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். தொட்டால்கூடக் குதிக்காது, காலை மெதுவாக நகர்த்தும், அவ்வளவே. சரிவில் வெயில் இறங்கியதும் பக்கவாட்டைச் சூரியனுக்குக் காட்டி நிற்கும். முதலில் கறுப்பு கலங்கும். பிறகு சாம்பல் கலந்த நீலம். வேறு ஒன்றைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முழு நீலமாக இருக்கும், அடுத்த நிமிடம் குதித்தும் போய்விடும்.

கேள்வி: கறுப்பாக இருந்தால் வெயிலை அதிகம் வாங்கி உடம்பைச் சூடாக்கலாம், அதற்காகத்தானே இந்த மாற்றம்? (பொறியாளர் ஒருவர்)

பதில்: எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம் இது. நியாயமானதும்கூட. ஆனால் தோன்றுவதை அப்படியே விட்டுவிடாமல் அளந்து பார்த்தார் கேட் அம்பர்ஸ் என்ற ஆய்வாளர். 2011இல் நிற மாற்றத்தின் தூண்டுகோல் வெப்பநிலைதான் என்பதை மறுபடி உறுதி செய்தார். 2013இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் கறுப்பு நிறம் எவ்வளவு கூடுதல் சூட்டைத் தருகிறது என்று பார்த்தார்கள். வேறுபாடு இருந்தது, ஆனால் மிகச் சிறியது. இவ்வளவு சிறிய உடம்பு வெயிலில் வாங்கும் சூட்டைக் காற்று உடனே பறித்துக்கொள்கிறது. உங்கள் துறையில் வெப்பக் கடத்தல் படித்திருப்பீர்கள். உடல் சிறுத்தால் பரப்பளவின் விகிதம் கூடும் என்பது உங்களுக்கே தெரியும்.

சூடு மட்டுமே காரணம் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அளவுக்கு மாற வேண்டும். ஆண் மட்டும் இவ்வளவு பளிச்சென்று மாறுவதால், ஆண்கள் ஒன்றையொன்று எடைபோடும் அடையாளமாகவும் நீலம் பயன்படலாம் என்ற கோணத்தில் ஆய்வு திரும்பியது. எனக்கு இந்தக் கோணம்தான் வலுவானதாகத் தோன்றுகிறது. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: வெட்டுக்கிளிகள் சண்டை போடுமா? (இல்லத்தரசி)

பதில்: பெரும்பாலான வெட்டுக்கிளிகள் போடாது. எதிராளி வந்தால் ஒரு தாவு தாவிவிடும். பச்சோந்தி வெட்டுக்கிளியின் ஆண்கள் போடும். அம்பர்ஸ் குழுவினர் 2012இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது தலைப்பிலேயே ‘மூர்க்கமான சண்டை’ என்று வைத்தார்கள். தாடைகளை அகல விரித்துக் காட்டுவது, பின்னங்காலால் உதைப்பது, கடிப்பது, கட்டிப் புரள்வது எல்லாம் உண்டு.

சண்டை பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணைச் சுற்றித்தான். அந்த நேரத்தில் பெண்ணின் வயிறு மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். இடத்தை விட்டு நகர முடியாது. மற்ற நேரங்களில் பிடிக்காத ஆணை உதறிவிட்டுக் குதித்து ஓடக்கூடிய பெண், அப்போது நிலைகொண்டு நிற்கிறது. ஓர் ஆண் அதன் மேல் ஏறிக் காவல் காக்க, இன்னொன்று வந்து இழுக்க, மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ள, கீழே பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் பார்த்த ஒரு குவியலில் கால் எது, உணர்கொம்பு எது, எது யாருடையது என்றே பிரித்தறிய முடியவில்லை. நீலமும் நீலமுமாகப் புரண்டன. மேகம் வந்து மூடியதும் ஆட்டம் தளர்ந்தது.

கேள்வி: ஆளைக் கடிக்குமா?

பதில்: பொதுவாகக் கடிக்காது. கையில் பிடித்தால் பழுப்பு நிறச் சாற்றைக் கக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

கேள்வி: பனி மூடிய மலையில் குளிர்காலத்தை எப்படித் தாங்குகிறது? (வங்கி ஊழியர்)

பதில்: வளர்ந்த பூச்சி தாங்குவதில்லை, இறந்துவிடும். குளிர்காலத்தைக் கடப்பது முட்டை.

கோடை முடியும் வேளையிலிருந்து இலையுதிர் காலம் வரை, அதாவது அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பெண் வயிற்றை நீட்டி மண்ணில் துளையிட்டு முட்டைகளை அடுக்கும். கூடவே ஒரு நுரையையும் சுரக்கும். அது காய்ந்து கெட்டியாகி முட்டைகளைச் சுற்றி உறையாகிவிடும். பிறகு பனி பொழிகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தச் சரிவுகள் வெள்ளையாகக் கிடக்கும்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனிப்போர்வை முட்டையைக் கொல்வதில்லை, காப்பாற்றுகிறது. அந்த மலைத்தொடரில் உள்ள சார்லட் பாஸ் என்ற இடத்தில் 1994 ஜூன் 29 அன்று காற்றின் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரிக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவில் பதிவானவற்றில் மிகக் குறைந்த அளவு அது. ஆனால் தடிமனாகப் பனி மூடிய மண்ணில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பனிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. பனி குறைந்த வருடத்தில்தான் மண் உண்மையான குளிரைச் சந்திக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு வேண்டியிருக்கும்.

குளிரை வேறு விதமாகச் சமாளிக்கும் உறவினர்களும் உண்டு. நியூசிலாந்தின் தென்தீவு மலைகளில் வேட்டா என்ற இறக்கையற்ற பெரிய பூச்சி இருக்கிறது. வெட்டுக்கிளியின் தூரத்து உறவு. மலை வேட்டாவின் உடல்நீரில் 82 சதவீதம் வரை உறைந்து பனிக்கட்டியாகிவிட்டாலும், உருகிய பிறகு எழுந்து நடக்கும். அதே மலைகளில் சரளைக் கற்களிடையே வாழும் பறக்காத வெட்டுக்கிளிகளும் இருக்கின்றன. அவற்றின் வாழ்க்கைச் சுற்று ஒரு கோடையில் முடிவதில்லை; வளரும் பருவத்திலேயே பனிக்காலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் பனியாற்றுக்குள் வெட்டுக்கிளிகள் உறைந்து கிடப்பதாகப் படித்தேன். அவையும் இந்த வகைதானா? (மருந்துக்கடை வைத்திருப்பவர்)

பதில்: இல்லை. அவை நேர் எதிர் வகை. மொன்டானா மாநிலத்தின் பேர்டூத் மலைகளில் வெட்டுக்கிளிப் பனியாறு என்றே பெயர் பெற்ற இடம் இருக்கிறது. அங்கே உறைந்து கிடந்தவை நீண்ட இறக்கை கொண்ட ராக்கி மலை வெட்டுக்கிளிகள். 1870களில் வானத்தை மறைக்கும் படையாகச் சமவெளிகளில் இறங்கி விளைச்சலைத் தின்று தீர்த்த இனம் அது. மலைக்கு மேலாகப் பறந்த கூட்டங்கள் குளிரில் விழுந்து பனியில் புதைந்தன. அந்த இனத்தில் உயிரோடு பிடிபட்ட கடைசிப் பூச்சிகள் 1902ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதன் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அது முட்டையிட்டுப் பெருகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குடியேறியவர்கள் ஏர் பூட்டியதே அழிவுக்குப் பெரிய காரணம் என்பது இந்த விஷயத்தில் நீண்ட காலம் உழைத்த ஜெஃப்ரி லாக்வுட்டின் கருத்து.

கோடிக்கணக்கில் பறந்த இனம் அழிந்தது. அதே மலைத்தொடரில் பறக்கத் தெரியாத சிறிய இனங்கள் இன்றும் இருக்கின்றன. எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே ஓர் உயிரினம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: பறக்க முடியாத பூச்சி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு எப்படிப் போயிருக்கும்? (நூலகர்)

பதில்: நடந்துதான். ஆனால் இன்றைய காலநிலையில் அல்ல.

பனியுகத்தில் குளிர் கீழே இறங்கியது. மலையுச்சிகளைப் பனியாறுகள் மூட, குளிரை விரும்பும் உயிர்கள் பள்ளத்தாக்குகளுக்கு வந்தன. தாழ்வான நிலங்கள் அன்று அவற்றுக்கு ஏற்ற வழித்தடமாக இருந்தன. பிறகு பூமி சூடாக, ஒவ்வொரு கூட்டமும் அருகிலிருந்த மலையில் ஏறிக்கொண்டது. இடையே சூடான பள்ளத்தாக்கு; திரும்பிப் போக வழியில்லை. இப்படிப் பிரிந்த கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்து வேறு வேறு இனங்களாகவே ஆகிவிடும். வட அமெரிக்க ராக்கி மலைகளின் பறக்காத வெட்டுக்கிளிகளில் லேசி நோல்ஸ் என்ற ஆய்வாளர் மரபணுக்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார்.

ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். நம் பச்சோந்தி வெட்டுக்கிளியின் பேரினத்தில் ஐந்து இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. மலையடிவாரத்தை ஒட்டி வாழ்வது ஒன்று, முகட்டிலேயே வாழ்வது ஒன்று என்று உயரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பச்சோந்தி வெட்டுக்கிளிக்கு ஏறக்குறைய 1,600 மீட்டருக்கு மேல்தான் வீடு. கோசியுஸ்கோ சிகரமே 2,228 மீட்டர்தான். மௌண்ட் பஃபலோ என்ற தனித்த மலையில் இருக்கும் கூட்டம் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட துணையினமாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் இன்னும் அழகான கதை ஒன்று உண்டு. போடிஸ்மா என்ற இறக்கையற்ற மலை வெட்டுக்கிளி அங்கே இருக்கிறது. பிரான்சின் தென்கிழக்கு மூலையில், கடலோர ஆல்ப்ஸில், இதன் இரண்டு கிளைகள் சந்திக்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பாலினத்தை நிர்ணயிக்கும் குரோமோசோம்களின் அமைப்பு வேறு. பனியுகத்தில் பிரிந்திருந்தவை பனி விலகியதும் இரு பக்கமிருந்தும் ஏறி வந்து முகடுகளில் முகத்துக்கு முகம் சந்தித்திருக்கின்றன. கலப்பில் பிறந்தவை முழு வலுவோடு இருப்பதில்லை. அதனால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடவும் இல்லை. கலப்பு நடக்கும் பட்டை ஏறக்குறைய 800 மீட்டர் அகலம்தான். காட்ஃப்ரி ஹெவிட் என்ற ஆங்கிலேய மரபியலாளரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் அந்தச் சரிவுகளில் பூச்சிகளுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்து, அவை எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று கணக்கிட்டார்கள். ஒரு தலைமுறைக்குச் சுமார் 20 மீட்டர். இந்த வேகத்தில் நகரும் உயிர் என்பதால்தான், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் நடந்த சந்திப்பின் கோடு இன்றும் அழியாமல் மலையில் இருக்கிறது. பனியுக வரலாற்றைக் கல்லில் படிப்பவர்கள் உண்டு. அதை ஒரு வெட்டுக்கிளியின் குரோமோசோமில் படிக்க முடிகிறது என்பதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு அன்று வேறு வேலையே ஓடவில்லை.

போடிஸ்மாவின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் பெரியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி அது.

கேள்வி: பயிருக்குக் கெடுதல் செய்யுமா? (விவசாயி)

பதில்: மலையுச்சி இனங்கள் செய்யாது ஐயா. அங்கே பயிரே இல்லை; புல்லும் காட்டுச் செடிகளும்தான் அவற்றின் உணவு. ஆனால் ஆஸ்திரேலிய விவசாயிகள் ‘இறக்கையற்ற வெட்டுக்கிளி’ என்று திட்டுவது வேறு ஒன்றை. அது தாழ்நிலத்தில் மேய்ச்சல் நிலங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் தாக்கும் இனம். அதில் பெரும்பாலானவை குட்டை இறக்கை. சில முழு இறக்கையோடும் வளரும். பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தப்பி ஓட இறக்கை இல்லை என்றால் எதிரிகளிடமிருந்து எப்படிப் பிழைக்கிறது? (செவிலியர்)

பதில்: பின்னங்கால்கள் இருக்கின்றனவே. தசை மெதுவாகச் சுருங்கி, முழங்கால் மூட்டருகே இருக்கும் கெட்டியான பகுதியை வில்லாக வளைத்து வைக்கும். பூட்டு விடுபட்டதும் சேர்த்து வைத்த விசை ஒரே நொடிப்பொழுதில் பாயும். காகங்கள், அரணைகள், ஓநாய்ச் சிலந்திகள் எல்லாம் அதைத் தேடி வருபவை. எல்லா முறையும் தப்பிப்பதில்லை.

அதே மலைகளில் வேறு ஒரு வழியைக் கண்டுபிடித்த பூச்சி ஒன்று இருக்கிறது. மலைக் கேட்டிடிட் என்பார்கள். நீண்ட உணர்கொம்பு கொண்ட பச்சைவெட்டுக்கிளிக் குடும்பம். இதில் ஆண் பறக்கும், பெண் பறக்காது. பெண்ணைப் பார்த்தால் உலர்ந்த சாணி உருண்டை போல மங்கலாக இருக்கும். சீண்டினால் முதுகு மூடியைத் தூக்கிவிடும். உள்ளே வயிறு முழுவதும் சிவப்பு, நீலம், கறுப்புப் பட்டைகள் பளபளக்கும். விசித்திரம் என்னவென்றால், எதிரி நெருங்கும்போதே இதைக் காட்டுவதில்லை. தொட்ட பிறகுதான் காட்டுகிறது. 2015இல் அம்பர்ஸும் யோஹன்னா மாப்பெஸும் இதைச் சோதித்து எழுதினார்கள். உடல் கசப்பானது, ஒரு முறை வாயில் பட்டாலும் தாங்கும் அளவுக்குத் தோல் கெட்டி. ஆகவே முன்கூட்டியே அறிவித்துக் கவனத்தை ஈர்க்க வேண்டிய அவசியம் அதற்கில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதைப் பற்றித் தனியாக ஓர் இதழில் எழுத ஆசை.

கேள்வி: பூமி சூடாகிறதே, இந்தப் பூச்சி என்ன ஆகும்? நம்மால் ஏதாவது செய்ய முடியுமா? (பல வாசகர்கள்)

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது.

இதுவரை எழுதியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பறக்காத பூச்சி. மெதுவாகவே இடம் பெயரும் வகை. வீடு 1,600 மீட்டரில் தொடங்குகிறது. மலை 2,228 மீட்டரில் முடிகிறது. கீழிருந்து வெப்பம் ஏறி வந்தால் மேலே போக அறுநூறு சொச்சம் மீட்டர்தான் இருக்கிறது. ஏற ஏறப் பரப்பும் சுருங்கும். ஆல்ப்ஸிலோ ராக்கி மலையிலோ இருப்பது போல இன்னும் உயரமான சிகரங்கள் அந்தக் கண்டத்தின் பெருநிலத்தில் கிடையாது.

பனியும் குறைந்துவருகிறது. அந்த மலையில் ஸ்பென்சர்ஸ் கிரீக் என்ற இடத்தில் 1954 முதல் பனியின் ஆழத்தை அளந்து வருகிறார்கள், போக்கு இறங்குமுகம். மேலே சொன்னதை நினைவுகூருங்கள்: பனி மெலிந்தால் மண்ணிலுள்ள முட்டை குளிரிடம் நேரடியாக மாட்டிக்கொள்ளும். பூமி சூடாவதால் ஒரு பூச்சியின் முட்டை குளிரில் வாட நேரிடலாம் என்பது கேட்க முரணாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

வெப்பத்தைத் தவிர மிதிபடுவதும் இருக்கிறது. கோசியுஸ்கோவைச் சுற்றியிருக்கும் தேசியப் பூங்காவில் காட்டுக்குதிரைகளும் மான்களும் பெருகி, ஈரநிலங்களையும் புல்வெளிகளையும் குளம்பால் கிளறிவிட்டன. இந்தக் குதிரைகளைக் குறைக்க வேண்டுமா, வரலாற்றின் பகுதியாக விட்டுவைக்க வேண்டுமா என்பதில் அங்கே மக்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். குதிரை அழகான விலங்கு, எனக்கும் பிடிக்கும். ஆனால் குதிரைக்கு உலகில் எத்தனையோ இடம் இருக்கிறது. இந்த வெட்டுக்கிளிக்கு இது போன்ற உச்சிச் சரிவுகளை விட்டால் வேறு எதுவும் இல்லை. நான் வெட்டுக்கிளியின் பக்கம்தான்.

நம்மால் ஆவது? அங்கே போகும் வாய்ப்புள்ள வாசகர்களுக்கு மட்டும் சொல்கிறேன். த்ரெட்போ என்ற மலையூரிலிருந்து மேலே போகும் தொங்கு நாற்காலி இழுவையின் மேல் நிலையத்திலிருந்து சிகரத்தை நோக்கிப் போகும் பாதையில் தரையிலிருந்து உயர்த்தி இரும்புக் கம்பிவலை நடைபாதை போட்டிருக்கிறார்கள். செடியும் மண்ணும் மிதிபடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பிப்ரவரி, மார்ச்சில் போனால் அந்த வலையை விட்டு இறங்காதீர்கள். ஓரத்து மண்ணில் பெண்கள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். பிடித்துப் பெட்டியில் போடவும் கூடாது. அது தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுக்கச் சட்டம் இடம் தராது. காலையில் வெயில் படுமுன் போய்ச் சேருங்கள். பாதையோரத்தில் உட்கார்ந்து, எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு பனிப்புல் கொத்தை மட்டும் பாருங்கள். கறுப்பாக ஒன்று தென்பட்டால் உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் தள்ளி உட்காருங்கள். நிழல் விழுந்தால் அதற்கு வெயில் கிடைக்காது, நிறமும் மாறாது.